நந்தி மேய்ந்த பொலி

என் மருமகள் இப்போதெல்லாம் காலையில் ஒரு கிண்ணத்தில் முளைகட்டிய பயறு கொண்டுவந்து வைக்கிறாள். டாக்டர் சொல்லிவிட்டாராம். இட்டிலி ஆகாது, எண்ணெய் ஆகாது, காப்பி அறவே ஆகாது. வாலும் தலையுமாக நெளிகிற இந்தப் பச்சைப் பயறுதான் அமிர்தமாம். "முளை விட்டதுலதான் மாமா சத்து" என்கிறாள். படித்த பெண். டாக்டரும் படித்தவர். நான் எதிர்த்து ஒன்றும் சொல்வதில்லை. கிண்ணத்தை வாங்கி ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, அவள் அடுக்களைக்குள் போனதும் அணிலுக்குப் போட்டுவிடுகிறேன். எங்கள் தெரு அணில்கள் இப்போது நல்ல சத்தோடு இருக்கின்றன.

வாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூக்குதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஈரத்துணியை அவிழ்த்ததும் கிளம்புகிற அந்த வாடை இருக்கிறதே, கொஞ்சம் மண், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் வெதுவெதுப்பு, அது என்னைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தச்சநல்லூருக்கு வடக்கே ஒரு களத்தில் நிறுத்திவிடுகிறது. முளைவிட்ட தானியத்தை நான் பார்க்க வேண்டிய அளவுக்கு அங்கே பார்த்துவிட்டேன். கையில் குடையோடு நின்று பார்த்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கிண்ணத்தை என்னால் தாண்ட முடியாது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. குமாஸ்தா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வக்கீலின் கட்டுகளைத் தூக்குவது, கட்சிக்காரர்களை உட்காரவைப்பது, அவர்கள் கொண்டுவருகிற வாழைத்தாரைப் பின்கட்டில் சேர்ப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் என்னிடம் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. வக்கீல் போட்டுக் கழித்தது. கை, விரல் நுனிவரை தொங்கும். குடை ஒன்றும் இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஜில்லா ஜட்ஜுக்கு அடுத்தபடி நான்தான் என்று ஆற்றுப் பாலத்தில் நடப்பேன். எதிரே வருகிற மாட்டுவண்டிக்காரன் ஒதுங்க மாட்டான். நான்தான் ஒதுங்குவேன். அது வேறு விஷயம்.

எங்கள் கட்சிக்காரர்களில் ஒரு பண்ணையார் இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வக்கீல்களும் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் வைத்துக்கொள்வோம். பெரியவர் எங்கள் கட்சி. அப்பா இருந்தவரை ஒரே வீடு, ஒரே உலை. அவர் கண்ணை மூடிய பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சண்டை. ஒரே தெருவில் எதிரெதிர் வீடு, எதிரெதிர் வக்கீல். இருவரும் நெற்றி நிறையத் திருநீறு பூசி, தேவாரம் பாடிவிட்டுத்தான் காலையில் ஒருவரையொருவர் திட்ட ஆரம்பிப்பார்கள். வயல், தோப்பு, வண்டி, மாடு எல்லாவற்றையும் பங்கு போட்டாயிற்று. வாய்க்கால் ஓரத்து வயல் ஒன்று மட்டும் பங்காகவில்லை. தண்ணீர் முதலில் பாய்கிற வயல். அதை எவன் விடுவான்? கேஸ் நடந்துகொண்டிருந்தது.

அந்த வயலில் வாரத்துக்குப் பயிர் வைத்தவன் சுடலைமுத்து. அவன் உழுது, நட்டு, அறுக்க வேண்டும். விளைச்சலில் பெரும்பங்கு பண்ணைக்கு, மிச்சம் அவனுக்கு. அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள். சுடலைமுத்து வாய் திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவள் பேசுவாள். அந்த வருஷம் கண்டிக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவன் தலையில் உருமாலும் காலில் செருப்புமாக ஊருக்குள் வந்து உட்கார்ந்திருந்தான். தேயிலைத் தோட்டத்தில் தேனும் பாலும் ஓடுகிறது என்று கதை விடுவான். அதற்கு முந்திய பிசானப் போகம் தண்ணீர் இல்லாமல் சாவியாக, வெறும் பதராகப் போயிருந்தது. சுடலைமுத்து போய்விடலாம் என்றான். பேச்சியம்மாள் முடியாது என்றாள். அவளுடைய நாலு பிள்ளைகளில் மூத்ததை ஆற்றங்கரையில் புதைத்திருந்தது. "அதைத் தனியா விட்டுட்டுக் கடல் தாண்ட மாட்டேன், என்னைக் கொன்னு போட்டாலும் மாட்டேன்" என்று நின்றாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தக் கார் நெல் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தால், தை வரைக்கும் அடுப்பு எரியும், இங்கேயே இருப்பது. வராவிட்டால் கப்பல்.

இதையெல்லாம் பின்னால் எனக்கு அவளேதான் சொன்னாள். களத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கிடந்த எனக்குப் பேச்சுத்துணை அவள்தான்.

கார் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புகைவிடுகிற வண்டிதான் தெரியும். எங்கள் ஆற்றுப் பக்கத்தில் அது நெல். மேற்கே மலையில் சாரல் விழுந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும் நட்டு, புரட்டாசியில் அறுப்பது கார். ஐப்பசிக்கு மேல் வைத்து மாசியில் அறுப்பது பிசானம். பிசான நெல் பெரிய மனுஷன் மாதிரி. அறுத்துப் போட்டால் அடுத்த விதைப்பு வரைக்கும் தூங்கும். கார் நெல் அவசரக்குடுக்கை. அதற்குத் தூக்கமே கிடையாது. முற்றின கதிரில் ஒரு நல்ல மழை விழுந்து, தாள் சாய்ந்து, கதிர் சேற்றில் பட்டுக் கிடந்தால் போதும், தாயோடு ஒட்டிக்கொண்டே முளைவிட்டுவிடும். அதற்குப் பிறகு குத்தினால் குருணை, பொங்கினால் களி, விதைக்கும் ஆகாது, விற்கவும் ஆகாது. இது ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். அண்ணன் தம்பிக்கும் தெரியும். தெரியாமல் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததுமே கதிர் பழுத்துவிட்டது. அறுக்க நாள் பார்த்தார்கள். பெரியவர் குறித்த நாள் சின்னவருக்குச் சந்திராஷ்டமம். சின்னவர் குறித்த நாள் பெரியவருக்கு ஆகாத நட்சத்திரம். ஒருவர் இல்லாமல் ஒருவர் அறுத்தால் திருட்டு; இருவரும் சேர்ந்து வர நட்சத்திரம் இடம் கொடுக்கவில்லை. பழுத்த கதிரோ பஞ்சாங்கம் பார்க்காது. ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, சடசடவென்று கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் வயல் முழுக்கச் சுருட்டி எறிந்த பாய் மாதிரி சாய்ந்து கிடக்கிறது. சுடலைமுத்தும் பேச்சியம்மாளும் சேற்றில் இறங்கி, சாய்ந்த கதிர்களைத் தூக்கி நாலு நாலு தாளாகச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார்கள். குனிந்தவர்கள் இருட்டுகிறவரை நிமிரவில்லை. பாதி வயலைக் காப்பாற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மிச்சப் பாதியில் இரண்டொரு நாளில் கதிர் நுனியில் வெள்ளை வெள்ளையாக ஊசிமுனை எட்டிப்பார்த்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு வீட்டிலிருந்தும் நட்சத்திரங்கள் கொஞ்சம் இறங்கி வந்தன. ஒரே நாளில் அறுத்தார்கள், மாடு விட்டு மிதித்தார்கள், தூற்றினார்கள். நெல் ஈரம். மறுநாள் காலையிலேயே விரித்துக் காய வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அன்று பொழுது சாய்ந்துவிட்டதால் குவித்து வைத்தார்கள். களத்தில் குவித்த நெல்லைத்தான் பொலி என்போம். இங்கேதான் முத்திரை வருகிறது.

பொலியை அளக்கிற வரைக்கும் ஒரு மணி குறையக் கூடாது அல்லவா? அதனால் சாம்பலைக் கரைத்துக் குழைத்து, பொலியைச் சுற்றி அடையடையாக அப்பி, அந்த அடையில் மரமுத்திரையைக் குத்திவிடுவார்கள். எவனாவது நெல்லை அள்ளினால் சரிந்து முத்திரை உடையும், திருட்டு தெரியும். குடிகளை அவ்வளவு நம்பினார்கள் நம் பெரியவர்கள். இவர்கள் அப்பாவின் முத்திரையில் நந்தி இருந்தது. அது பெரியவரிடம் போய்விட்டது. சின்னவர் சும்மா இருப்பாரா? டவுனில் ஆசாரியைப் பிடித்து அவரும் ஒரு நந்தி செய்துகொண்டார். ஒரு வித்தியாசம் வேண்டுமே என்று, அண்ணன் நந்தி வலப்பக்கம் பார்த்தால் தம்பி நந்தி இடப்பக்கம் பார்க்கும். அன்று சாயங்காலம் பெரியவர் ஆள் ஒரு சுற்றுக் குத்தினான். உடனே சின்னவர் ஆள் இடையிடையே ஒரு சுற்றுக் குத்தினான். பொலியைச் சுற்றி நந்தியும் நந்தியும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குடும்ப லட்சணம்.

மறுநாள் காலையில் அளக்கலாம் என்றால், யார் மரக்காலில் அளப்பது? பெரியவர் மரக்கால் கொஞ்சம் பெரிது என்று சின்னவர் சொன்னார். சின்னவர் மரக்கால் சுத்தமாக மரக்காலே இல்லை என்று பெரியவர் சொன்னார். வண்டியைக் கட்டிக்கொண்டு பெரியவர் நேரே எங்கள் வக்கீலிடம் வந்துவிட்டார். வக்கீல் ஒரு சிமிட்டா மூக்குப்பொடியை ஏற்றிக்கொண்டு யோசனை சொன்னார்: "முதலில் உங்கள் முத்திரையை நீங்கள் எடுத்தால், பொலியின் மேல் உங்களுக்கு உரிமை இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. அவன் முத்திரையில் கை வைத்தாலோ கிரிமினல். ஆகையால் எதையும் தொடாதீர்கள். கோர்ட்டில் மனுப் போட்டு, அளந்து கொடுக்க ஒரு கமிஷனரை வரவழைக்கிறேன்." எதிர்க்கட்சி வக்கீலும் சின்னவருக்கு இதே யோசனையை இதே வார்த்தைகளில் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் கூத்தாடி கறுப்புக் கோட்டுப் போட்டிருப்பான்.

"நீ போய்ப் பொலியைப் பார்த்துக்கொண்டிரு. முத்திரை கலையாமல் இருக்க வேண்டும்" என்று வக்கீல் என்னை அனுப்பினார். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு, பெரியவர் வண்டியிலேயே வாலாட்டிக்கொண்டு போனேன்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மழைக்கு முந்தின புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கும். நெல் காய்வதற்கென்றே அடித்த வெயில். களத்தின் மேல்கோடியில் பெரியவர் நாற்காலி, கீழ்க்கோடியில் சின்னவர் நாற்காலி. இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் காது கேட்கிற தூரம்தான். நடுவில் சுடலைமுத்து துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"எசமான், உள்ளுக்குள்ள கொதிக்கி. கைய வச்சுப் பாருங்க. வெயில் இருக்கையிலேயே விரிச்சுப் போட்டுருதேன். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடுங்க" என்றான்.

"எனக்கென்னலே? அவன்கிட்டச் சொல்லு. அவன் வச்சத அவன் எடுக்கட்டும். பொறவு நான் எடுக்கேன்" என்றார் பெரியவர்.

சுடலைமுத்து கீழ்க்கோடிக்குத் திரும்பினான். "சின்ன எசமான், பெரியவுக என்ன சொல்லுதாவன்னா..."

"கேட்டுது வே. எனக்குச் செவி நல்லாத்தான் இருக்கு. முதல்ல வச்சது யாரு? அவுகதான? முதல்ல வச்சவுக முதல்ல எடுக்கட்டும்."

"ரெண்டு பேரும் ஒண்ணு போல எடுத்திருங்களேன், எசமான்."

"ஒண்ணு போலயா? ஏலே, அவனும் நானும் ஒண்ணாலே?" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

இப்படியே மத்தியானம் ஆயிற்று. இரண்டு வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தது. இருவரும் வயிறார உண்டு, வெற்றிலை போட்டு, நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். காவலுக்கு நிறுத்திய ஆட்கள் இருவரும் ஒரே மரத்தடியில் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தார்கள். அவர்களுக்குள் சண்டை இல்லை. சண்டை போட நிலம் வேண்டுமே. பேச்சியம்மாள் மட்டும் உட்காரவில்லை. நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்ப்பதும், பொலியின் அடியில் விரலை நுழைத்துச் சூடு பார்ப்பதுமாக இருந்தாள்.

"வைக்கப்போர் நாய் தேவலாம்" என்றாள் என்னிடம். "அது ரெண்டா நின்னு காக்காது பாத்தியளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோட்டுப் போட்டவன் சிரிக்கலாமா என்று அடக்கிக்கொண்டேன்.

நாலு மணி வாக்கில் மலைப்பக்கம் உறுமியது. வெயில் இறங்கி, காற்று நின்று, கொக்குகள் வாய்க்கால் பக்கமிருந்து கிளம்பின. பண்ணையார்கள் இருவரும் நாற்காலியைத் தூக்கச் சொல்லி ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். நாற்காலி நனையக் கூடாது அல்லவா? பேச்சியம்மாள் தலைதெறிக்கத் தன் குடிசைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது தலையில் ஒரு கட்டு ஓலை. பின்னால் சுடலைமுத்து ஒரு கட்டு. நான் முதலில் எங்கேயோ வாங்கி வந்தார்கள் என்று நினைத்தேன். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சொந்தக் கூரையை.

ஓலையைப் பொலி மேல் போடப் போனதும், அதுவரை ஒரே சட்டியில் கஞ்சி குடித்த காவலாட்கள் இருவரும் ஒரே குதியில் எழுந்து குறுக்கே விழுந்தார்கள்.

"ஏட்டி, வைக்காத! ஓலை பட்டா நந்தி அழிஞ்சிரும்."

"மழை பெஞ்சா அழியாதாலே, கூறுகெட்ட மூதி!"

"மழை பெஞ்சு அழிஞ்சா எங்க மேல குத்தமில்லை. ஓலை பட்டு அழிஞ்சா எங்க தோலை உரிச்சிருவாவ."

பாவம், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைத்தான் எங்கள் வக்கீலும் சொல்லி அனுப்பியிருந்தார். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க" என்றாள். நான் என்ன சொல்வது? எனக்கு முன் இரண்டு ஆட்கள் கம்போடு நிற்கிறார்கள். வாய்க்கு வந்தது, "வேண்டுமானால் என் குடையைப் பிடிக்கட்டுமா?" என்றேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன். அவள் பொலியைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். "எதுக்குப் பிடிக்கிய, பொலிக்கா, உங்க தலைக்கா?" என்றாள்.

முதல் துளி மூக்கில் விழுந்தது. அப்புறம் வானம் உடைத்துக்கொண்டது. பொலியிலிருந்து சாம்பல் வெள்ளையாக வழிந்தது. வலப்பக்கம் பார்த்த நந்தியும் இடப்பக்கம் பார்த்த நந்தியும் ஒன்றாகக் கரைந்து ஒரே ஓடையாக வாய்க்காலுக்குப் போயின. அந்தக் குடும்பத்தில் அதுவரை நான் பார்த்த ஒரே ஒற்றுமை அதுதான். என் கோட்டும் சாயம் விட்டு, வேட்டியெல்லாம் கறுப்புக் கறுப்பாக வழிந்தது. பேச்சியம்மாள் ஓலைக்கட்டைத் தலைக்கு மேல்கூடப் பிடிக்காமல் பொலிக்கு எதிரில் நனைந்துகொண்டு நின்றாள். அழுதாளா என்று தெரியாது. முகம் முழுக்க மழை.

முத்திரை போயிற்றே, இனி யாராவது விரித்துக் காய வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். விடிந்ததும் விடியாததுமாக இரண்டு வீட்டிலிருந்தும் சாம்பல் சட்டி வந்தது. ஈரப் பொலியைச் சுற்றி மறுபடியும் அடை அப்பி, நந்தி, நந்தி, நந்தி, நந்தி. இந்தத் தடவை சின்னவர் ஆள் முந்திக்கொண்டான். அதனால் இனி முதலில் எடுக்க வேண்டியது யார் என்று புதிதாக ஒரு தகராறு. சுடலைமுத்து பெரியவர் காலில் விழுந்தான். சின்னவர் காலிலும் விழுந்தான். இருவரும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்களே தவிர முத்திரையை எடுக்கவில்லை.

கமிஷனர் வருகிறார், இதோ வருகிறார் என்று நாட்கள் போயின. கோர்ட்டு காரியமென்றால் நெல் முளைக்கிற வேகத்தில் நடக்குமா? அது பனைமரம் வளர்கிற வேகம். இடையில் நல்ல வெயிலும் அடித்தது, மேலும் இரண்டு தடவை மழையும் பெய்தது. ஒரு காலையில் களத்துக்குப் போனால், தூரத்திலிருந்தே வாடை. நெருங்கிப் பார்த்தேன். சாம்பல் அடைகளெல்லாம் வெடித்து, நெல்லைவிட்டு ஒரு விரல் உயரம் தூக்கி நின்றன. அடியில் முளை. பச்சைப் பசேலென்று நாற்றங்கால் மாதிரி பொலி முழுக்கப் புல். நந்திகள் எல்லாம் அந்தப் புல்லின் மேல் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எசமான்மார் நந்தி மேயுது, பாருங்க" என்றாள் பேச்சியம்மாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கமிஷனர் ஒரு வழியாக வந்தார். மீசை முளைத்தும் முளைக்காத வக்கீல். ஆளுக்கொரு பக்கம் அண்ணனும் தம்பியும் நிற்க, ரொம்ப கம்பீரமாகப் பொலிக்குள் கையை விட்டார். "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு வெளியே எடுத்தார். உள்ளே அவ்வளவு சூடு. வேரும் வேரும் பின்னிக்கொண்டு, பாயைப் போலப் பிடுங்கத்தான் வந்தது. மரக்காலில் அள்ள ஒன்றுமில்லை. யார் மரக்கால் என்கிற கேள்வியும் அதோடு தீர்ந்தது. "இதுல நெல் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டார் அந்தப் பையன். 

நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் காதோடு சொன்னார்: "எனக்குப் போனா மயிராப் போச்சு வே. அவனுக்கும் கிடைக்கல்லல்லா? அது போதும்." அந்தப் பக்கம் சின்னவர் முகத்திலும் இதே திருப்தி. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்தப் பழமொழிக்கு உயிர் கொடுத்து வேட்டி கட்டிவிட்டால் இந்த இருவர்தான். ஆனால் மூக்கும் இவர்கள் மூக்கு இல்லை. அறுந்தது சுடலைமுத்துவின் மூக்கு. இவர்கள் வீட்டுக் குதிரில் பழைய நெல் வழிந்துகொண்டிருந்தது.

"ஏலே சுடலை, எல்லாத்தையும் நீயே அள்ளிட்டுப் போ. எனக்கு வாரம் வேண்டாம்" என்றார் பெரியவர். "எனக்கும் வேண்டாம்" என்றார் சின்னவர். அப்பா செத்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம். ஊரில் இதைத் தர்மம் என்று பேசிக்கொண்டார்கள். தங்கள் பங்கான மேல்வாரம் முழுவதையும் குடிக்கே விட்டுக்கொடுத்த தர்மப்பிரபுக்கள்! கோயிலில் பட்டர் திருநீற்றுத் தட்டை அன்று இருவருக்கும் ஒன்றுபோலவே நீட்டியதாகக் கேள்வி.

பேச்சியம்மாள் அந்தப் புல்லையும் அள்ளினாள். வேறு என்ன செய்வாள்? முளையைக் கிள்ளி, அலசி, காயவைத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். பசைபோல ஒட்டிக்கொண்டு, அசட்டுத் தித்திப்பும் கசப்புமாக இருந்ததாம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கூரையில்லாத குடிசையில் மூன்று பிள்ளைகளும் ஈரத்தில் கிடந்து முனகின. கங்காணி அந்தப் பக்கம் வந்து, ஒரு கடகப்பெட்டி நல்ல அரிசி வைத்துவிட்டுப் போனானாம். அவனுக்குத் தன் தொழில் தெரியும்.

ஐப்பசியில் ஒருநாள் வக்கீல் காரியமாகத் தூத்துக்குடி போவதற்காக ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பிளாட்பாரத்தின் கடைசியில் கங்காணியின் மந்தை. அதில் சுடலைமுத்து, பிள்ளைகள், பேச்சியம்மாள். என்னைக் கண்டதும் சுடலைமுத்து துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டான். பழக்கம்.

"கேஸு என்ன ஆச்சு ஐயா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"வாய்தா போட்டிருக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், மெல்ல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எம் பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போறேன் ஐயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வண்டி வந்தது. கங்காணி தலையை எண்ணி ஏற்றினான். எனக்கு வேறு பெட்டி. தூத்துக்குடியில் இறங்கிப் பார்த்தபோது கூட்டத்தில் அவர்களைக் காணோம். எனக்கு அன்று ஏற்பட்ட வெறுப்பு அந்த அண்ணன் தம்பி மேலா, வக்கீல் மேலா, நான் போட்டிருந்த கோட்டின் மேலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல வராது. எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கேஸ் மட்டும் நன்றாகத் தழைத்து வளர்ந்தது. நான் குமாஸ்தா வேலையை விட்டு வேறு பிழைப்புக்குப் போன பிறகு, ஒரு வருஷம் தீர்ப்பு வந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பொலியில் ஆளுக்குச் சரிபாதியாம். எதில் பாதி என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். வாய்க்கால் இருக்கிறது; வயலைத்தான் காணோம். களம் இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள். புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். பேச்சியம்மாளின் குடிசை எது என்று கேட்டால் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆற்றங்கரையில் அவள் பிள்ளையைப் புதைத்த மேட்டை, மண் அள்ளுகிற வண்டிகள் என்றைக்கோ கரைத்துவிட்டன. கார் நெல்லைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெயரையே அங்கே ஒரு பையன் முதல்முறையாகக் கேட்கிறமாதிரி பார்த்தான்.

பெரியவரின் பேரன் கல்யாண வீட்டில் நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பாளையங்கோட்டையில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ ஆபீசில் பெரிய உத்தியோகம். காப்பி கொடுத்தார். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் வெள்ளிக் கூஜா, தந்தப் பெட்டி, நடுவில் பட்டுத்துணி விரித்து அதன்மேல் ஒரு மரமுத்திரை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள், பளபளவென்று இருக்கிறது. நந்தி வலப்பக்கம் பார்க்கிறது.

"எங்க தாத்தா காலத்து முத்திரை, அண்ணாச்சி" என்றார் அவர், குரல் நிறையப் பெருமையோடு. "அந்தக் காலத்துல பொலி மேல இத ஒருதடவை வச்சிட்டா, ஒரு மணி நெல்ல எவனும் தொட மாட்டானாம்லா?"

"வாஸ்தவம்தான் தம்பி" என்றேன். "எவனும் தொடல்ல."